மழைக்கோட்டுக்காரியின் விலை

பிப்ரவரி 9

அன்புள்ள ஹெட் நர்ஸ் அம்மாவுக்கு,

போனில் பேசினால் எடுத்த எடுப்பிலேயே சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ மாற்றலாகிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பல் லேபில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு பஸ் டிரைவருக்கு மேல்வரிசைப் பல்செட் செய்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் அடையாளம் தெரியாது, பெண்டாட்டி கதவைத் திறக்க மாட்டாள் என்று பயந்தாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய சினிமா போஸ்டர் வாங்குவது முதலீடா, வியாதியா என்று கேட்டிருந்தாய். படம் ஓடி முடிந்ததும் கிழித்துப் போட்ட காகிதம் அது. சுவரில் ஒட்டினது மழையில் போயிற்று, மிச்சம் எடைக்குப் போயிற்று. எங்கோ ஒன்றிரண்டுதான் தப்பின. மறுபடி அச்சடித்தால் அது வெறும் நகல். இருப்பது குறைந்துகொண்டே போகும் பொருளுக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்? நம் போஸ்டர்களில் மழைக்கோட்டுக்காரி ஒருத்தி போதும். மஞ்சள் கோட்டு, பின்னால் புகை விடும் ரயில், காகிதத்தில் ஒரு மடிப்பு கிடையாது.

அங்கே ஏதோ வீடு விலைக்கு வருகிறது என்றாய். அவசரம் வேண்டாம். வீட்டுக்கென்று பாங்கில் போட்ட டெபாசிட் அப்படியே இருக்கட்டும். இன்னும் ஒரு வருஷம் பொறு, போஸ்டரை விற்றுப் பெரிய வீடாகவே வாங்கலாம்.

மருந்தை மறக்காதே.

உன்னால் போஸ்டருக்கு வாட்ச்மேன் என்று பெயர் வாங்கினவன்


பிப்ரவரி 21

என்னங்க,

குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு அதோடு சரி.

வீடு நான் குடியிருக்கும் கட்டிடத்துக்குப் பின்புறம். கீழ்த்தளம், இரண்டு அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். அடுத்த தெருவில் ஒரு பல் லேப்கூட இருக்கிறது, ஆள் தேவை என்று அவர்களே சொன்னார்கள். வீட்டுக்காரர் மகனோடு போய் இருக்கப் போகிறார். அவர் காலில் இருந்த புண்ணுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். அந்த மரியாதைக்கு மே மாசக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

ஒன்றைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மாற்றல் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நம் வீட்டில் ஓதம் இல்லாத அறை ஒன்றே ஒன்று. அதில் போஸ்டர் படுத்திருந்தது, ஹாலில் நான் படுத்திருந்தேன். அதற்கு ஈரம் இழுக்கிற மெஷின், எனக்கு இன்ஹேலர். ஒருநாள் மூச்சு முட்டி அந்த அறை ஜன்னலைத் திறந்துகொண்டு நின்றேன். "வெளிச்சம் படும், மூடு" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, போஸ்டரைப் பார்த்துச் சொன்னீர்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஒன்பது வருஷமாக வாங்குகிறீர்களே, ஒன்றாவது விற்றிருக்கிறீர்களா? எதிரில் ஒருத்தர் காசை எடுத்து நீட்டுகிற வரைக்கும் விலை என்பது உங்கள் வாயில் இருப்பதுதான். ஒன்றே ஒன்றை விற்றுக் காட்டுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் விற்றால் நான் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விற்காவிட்டால் கடையைக் கட்டிவிட்டு இங்கே வந்து என்னோடு இருங்கள்.

உங்கள் மனைவி, இன்றைய தேதி வரைக்கும்


மார்ச் 30

அன்புள்ள உனக்கு,

உன் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டேன். நமக்கு எல்லாம் விற்ற அதே பழம்பொருள் கடைக்காரரிடம் மழைக்கோட்டுக்காரியைக் கொடுத்தேன். வாசல் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். உன் மூன்று மாசச் சம்பளம் விலை சொல்லியிருக்கிறோம்.

சனிக்கிழமை கடைக்குள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா இதே படம் நீலத்தில் கிடைக்குமா, சோபாவுக்குப் பொருந்தும் என்று கேட்டார். ஒரு பையன் மழைக்கோட்டுக்காரியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஒருவர் விலையைப் படித்துவிட்டு என்னிடமே, "எந்தக் கிறுக்கன் சார் வாங்குவான்?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன், எந்த பஸ்ஸிலும் ஏறத் தோன்றவில்லை.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. லேபில் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லை இடதுபக்கம் வைத்து டாக்டரிடம் திட்டு வாங்கினேன். நீதான் ஜெயிக்கப் போகிறாய். ஒன்பது வருஷம் முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று ஒரு மனுஷன் ஒரே நாளில் எப்படி ஒத்துக்கொள்வான், சொல்லு.

உன்னவன்


ஏப்ரல் 6

என்னங்க,

முதலில் சாப்பிடுங்கள். உங்களை முட்டாள் என்று நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது, கண்டவனும் சொல்லக் கூடாது. சோபாவுக்குப் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? விலையைக் குறைக்காதீர்கள். இன்னும் கொஞ்சநாள் பாருங்கள்.

வார்டில் ஆள் பற்றாக்குறை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 19

அன்புள்ள உனக்கு,

விற்றுப்போய்விட்டது! சொன்ன விலைக்கு, ஒரு காசு குறைக்காமல். வெளியூரிலிருந்து யாரோ போன் செய்து, அது ஒரிஜினல்தானா என்றுகூடக் கேட்காமல், ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று சொல்ல வேண்டாம் என்றார்களாம். நான் கொடுத்ததற்கு மூன்று மடங்கு. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

நீ கோபப்படாமல் மிச்சத்தையும் படி. அந்தப் பணத்தில் புதிதாக மூன்று போஸ்டர் வாங்கிவிட்டேன். அதோடு இன்னொன்றும் யோசித்தேன். பேரமே பேசாமல் ஒருவர் வாங்குகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நாளைக்கு அது பத்து மடங்கு போகும். அவசரப்பட்டு விட்டுவிட்டேன். வாங்கினவருக்கு இரண்டு மடங்கு கொடுத்து அவளைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர் மூலம் கேட்டிருக்கிறேன். அதற்கு டெபாசிட்டைத்தான் உடைக்க வேண்டும். விலை ஏறினதும் திரும்பப் போட்டுவிடலாம்.

வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

உன்னவன்


ஏப்ரல் 24

என்னங்க,

டெபாசிட்டைத் தொடாதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதுதான் நம் வீடு.


மே 3

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வருவதற்குள் பாங்கில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கடைக்காரரிடம் கட்டிவிட்டேன். வாங்கினவர் கொடுக்க மாட்டேன் என்றால், அதே பணத்துக்குக் கடைக்காரரிடம் பன்னிரண்டு போஸ்டர் ஒரு கட்டாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எப்படியும் வீண் போகாது. திட்ட வேண்டுமானால் திட்டு, ஆனால் எழுது.

உன்னவன்


மே 20

என்னங்க,

மழைக்கோட்டுக்காரி பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். அனுப்பினது நான்தான். வாங்கினதும் நான்தான். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரை அனுப்பி வாங்கினேன்.

பந்தயத்தில் நான் ஜெயிக்க இருந்தேன். பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் இந்நேரம் இங்கே இருந்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் "நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. தோற்றுப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு வருகிற புருஷன் எனக்கு வேண்டாம். ஒரு தடவை ஜெயித்துவிட்டு நீங்களாகவே போதும் என்று வருவீர்கள் என நினைத்தேன். நான்தான் பைத்தியக்காரி. உங்களுக்குப் பசி தீரட்டும் என்று பார்த்தால் நீங்கள் பந்தியையே விலைக்குக் கேட்டீர்கள்.

அவள் என் அறையில் கட்டிலுக்கு எதிரே இருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். டியூட்டி முடிந்து வந்து அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஏன் பிடித்தது என்று புரிந்தது. இதை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்காரவைத்து எனக்குக் காட்டியிருக்கலாமே என்று அழுகை வந்தது. இத்தனை வருஷமும் நீங்கள் எனக்கு விலையைத்தான் சொன்னீர்கள்.

நீங்கள் இரண்டு மடங்கு தருவதாகக் கடைக்காரர் கேட்டதும் மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். பன்னிரண்டு போஸ்டர் கட்டு என்று எழுதினீர்களே, உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எங்கேயோ போகிற பணம் வீட்டுக்கு வரட்டும். அதையும் என் சேமிப்பையும் சேர்த்து நேற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் பெயரிலும்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போஸ்டரில் லாபம் உண்டா என்றால், உண்டு. நம் வீட்டில் எனக்குக் கிடைத்தது. வாங்குகிறவர் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் ரகசியம்.

ஏமாற்றிவிட்டேன் என்று கோபம் வரும். வரட்டும். புது வீட்டில் ஒரு சுவர் தருகிறேன். ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கும். இதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள். இல்லை என்றால் இனி எழுத வேண்டாம், எனக்கும் வயதாகிறது.

உங்கள் மனைவி


ஜூன் 2

அன்புள்ள உனக்கு,

உடனே எழுதவில்லை. எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதியிருப்பேன். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. உலகத்தில் ஒரே ஓர் ஆள் என்னை நம்பி வாங்கினான் என்று தலைநிமிர்ந்து நடந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டாயே என்று இருந்தது.

போஸ்டர் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். நீங்கள் சொல்லும் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முழுசாக விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நான் விக்கிறவன் சார், வாங்குறவன் இல்ல" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. புதிதாக வாங்கின மூன்றையும் காசுகூடக் கேட்காமல் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, மிச்சத்தோடு திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். விலையை நினைக்காமல் பார்த்தது அன்றைக்குத்தான். பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்கவே இல்லை, ஏறும் என்று வாங்கினவை. மிச்சம் ஏழெட்டு, சின்ன வயதில் தியேட்டர் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தேனே, அதே மாதிரி பார்க்க வைக்கிறவை. பிடிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கிறது. சம்பளக்காரன், குடும்பஸ்தன், பொம்மைப் படத்துக்குச் செலவு செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. முதலீடு என்றால் மரியாதையாக இருந்தது. உன்னிடம்கூட அந்தப் பொய்யையே சொல்லி, உனக்கு மூச்சு முட்டினபோது காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போதாது, நேரில் வந்து கேட்கிறேன்.

ஈரம் இழுக்கிற மெஷினை லேப் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வாரத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெரு லேபில் நான் வருவதாகச் சொல்லி வை.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உன்னவன்