ஐயா சொன்னதாக அத்தான் சொன்னது

11 மே 2019, சனி

பாரிஸில் காலையிலிருந்து தூறல். ஸ்பீக்கர் இரண்டையும் பொலித்தீனால் சுற்றி மண்டபத்துக்கு ஏற்றியாயிற்று. வழக்கமாகச் சனிக்கிழமை என்றால் கல்யாணம் அல்லது பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்தியவீடு. இன்று ஐரோப்பியத் தேர்தல் கூட்டம். ஒரு வேட்பாளர் (இனி வே.) தமிழரிடம் பேச வருகிறார். அழைத்தது அக்காவின் புருசன், அத்தான், தலைவராக இருக்கிற சங்கம். மொழிபெயர்ப்பும் அத்தானே.

வே. ஒரு மணிநேரம் தாமதம். குத்துவிளக்கு, பொன்னாடை, படம். பிறகு பேச்சு. மைக் 1 பிரெஞ்சு, மைக் 2 அத்தான். தனித்தனியாகப் பதிந்தேன்.

வே. சொன்னது: ஐரோப்பாவுக்குள் யாரும் எங்கும் போய்க் குடியேறலாம் என்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லை. இங்கிலாந்து வெளியேற முடிவெடுத்ததுதான் சரி.

அத்தான் சொன்னது: "நாங்கள் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கலாம். லண்டன் போறவைக்கும் ஒரு பிரச்சினையும் வராது எண்டு ஐயா சொல்லுறார்."

கைதட்டல். முன்வரிசையில் அக்காவும் தட்டினாள். எனக்குப் பின்னால் இங்கே பிறந்த பொடியள் இருவர் பிரெஞ்சில் சிரித்தார்கள்.

வாசலில் ஒரு பெரியவர்: "நல்ல மனுசன். போகும்வரைக்கும் பொன்னாடையைக் கழட்டேல்லை, பாத்தியே."

13 மே, திங்கள்

குளிர். வேலையில் இன்று திருத்த இரண்டு லிஃப்ட், இரண்டிலும் மின்சுற்றுப் பலகை எரிந்திருந்தது. சாப்பாடு நின்றபடியே.

அத்தானுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லையா? நகரசபையில் சண்டை பிடிக்கிற பிரெஞ்சு அவருடையது. அப்படியென்றால் வேண்டுமென்றே. யார் சொல்லி? சங்கத்துக்கு இடம் தருவதாகச் சொன்னார்களா? அடுத்த நகரசபைப் பட்டியலில் பெயரா?

எதிர்க்கட்சியும் யோக்கியமில்லை. மெட்ரோ வாசலில் சுவரொட்டி: "ஐரோப்பா காக்கும்." யாரை, எதிலிருந்து? இதையும் அத்தான்தான் எழுதினாரோ.

அக்காவின் விஷயம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டன் போய், பிள்ளைகளை இங்கிலீஷில் படிப்பித்த குடும்பங்கள் எங்கள் ஆட்களில் எத்தனை. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிவிட்டால் அப்படிப் போய் இறங்க முடியாது. எங்கள் பெரியக்கா அங்கே, ஈஸ்ட்ஹாமில். அக்காவும் ஜூலையில் அங்கே குடிபோவதென்று நின்றாள். இன்று போனில்: "அவசரமில்லையாமடா. அடுத்த வருசம் பாப்பம்."

16 மே, வியாழன்

வேலை முடிந்து நேரே ரூ பெர்தொனே, தமிழ்க் கடைத்தெரு. அத்தான் தன் கடையில் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னது ஒண்டு அத்தான், நீங்கள் சொன்னது வேறை."

"சுருக்கிச் சொன்னனான்."

"சுருக்கேல்லை. தலைகீழாப் போட்டியள். ஆர் சொல்லச் சொன்னது? கட்சிக்காரரோ?"

சிரித்தார். "கட்சியோ? விசரா! உன்ரை அக்காவாலையடா. எல்லையைப் பூட்டப்போறாங்கள் எண்டு கேட்டால் நாளைக்கே பெட்டி கட்டுவாள். இஞ்சை நான் தலைவர். ஈஸ்ட்ஹாமிலை நான் ஆர்?"

"லண்டன் வெளியிலை போகப்போகுது அத்தான்."

"மூண்டு வருசமாப் போறன் போறன் எண்டு வாசலிலைதானே நிக்கிறாங்கள்."

கட்சிச் சதி என்று நினைத்திருந்தேன். வெறும் வீட்டுச் சண்டை. ஆனால் மண்டபம் நிறையச் சனம் அதைக் கேட்டதே? கறிவேப்பிலை வாங்க வந்த பெண்: "அண்ணை, அந்த ஐயாவுக்குத்தானே வோட்டுப் போடுறது?"

"ஓம் ஓம்."

24 மே, வெள்ளி

வெயில். ஆர்.இ.ஆர். D ரயில் வழக்கம்போல் தாமதம். சார்செல், அக்கா வீடு. அத்தான் இன்னும் கடையில்.

போனில் மைக் 1 பதிவு மட்டும், அக்காவுக்குக் கேட்கவைக்க. நான் மொழிபெயர்த்தால் அத்தான் என்னைப் பொய்யன் என்பார். அதனால் அக்காவின் மகள் அபியைக் கூப்பிட்டேன். பதினாறு வயது, தமிழைவிடப் பிரெஞ்சுதான் ஓடும்.

முழுவதும் கேட்டாள். பிறகு: "ஒண்டும் மாறாதாம் அம்மா. அப்பா சொன்ன மாதிரித்தான்."

தலை நிமிரவில்லை. அவளுடைய கூட்டாளிகள் எல்லோரும் இந்தக் கட்டடத்தில்; அவளுக்கும் லண்டன் வேண்டாம். எனக்கு அது ஓடவேயில்லை. நான் முட்டாள்.

"பொய்," என்றேன்.

"Tonton," (மாமாவுக்குப் பிரெஞ்சு) "நீங்கள்தான் பொய்!"

அக்கா அகப்பையை வைத்தாள். "இனி ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அதை நிப்பாட்டி நிப்பாட்டி ஓட விடு."

விட்டேன். ஒரு இடத்தில் கையைக் காட்டினாள். "ஃப்ரொன்ரியேர், எல்லை. இது தெரியும். வந்த அண்டைக்கே படிச்ச சொல்லு. பூட்டோணும் எண்டுறானோ?"

"ஓம்."

"லண்டன் பூட்டினதும் சரியெண்டுறானோ?"

"ஓம்."

அத்தான் சப்பாத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தார். அக்கா திரும்பவில்லை.

"இஞ்சை பாருங்கோ. அந்த வெள்ளைக்காரன் என்ரை முகத்துக்கு நேரை உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். பொய் சொன்னது நீங்கள்."

அத்தான் என்னைப் பார்த்தார். அபி அறைக்கதவை அடித்துச் சாத்தினாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

26 மே, ஞாயிறு

என் வாக்கு காலையிலேயே. யாருக்கு என்று இங்கேயும் எழுதவில்லை.

பிறகு சார்செல். பள்ளிக்கூட வாசலில் வரிசை. அக்கா முன்னால், அத்தான் நாலு பேர் தள்ளி. இரண்டு பேர் அவருக்குக் கைகொடுத்தார்கள்: "ஐயாவுக்குத்தான் போட்டாச்சு, தலைவர்." தலையாட்டினார்.

அக்கா வெளியே வந்து அவருக்காகக் காத்து நின்றாள். அவர் வந்ததும்:

"ஜூலை. வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டிக் கடையோடை இருங்கோ."