கம்பளை விலாசம்

நவம்பர் 9, சனி

இன்று காலை, கடல் கடந்து நான் படிக்கப் போகும் டனீடன் நகரின் பெரிய வீதியில் இரண்டு மணித்தியாலம் நடந்தேன். கண்டி மஹய்யாவயில், எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபடியேதான். போன் வரைபடம் அந்த வீதியைப் படமாகவே காட்டுகிறது. ஒவ்வொரு கடைக் கண்ணாடியாகப் பெரிதாக்கிப் பார்த்ததில் மூன்று இடத்தில் ‘ஆள் தேவை’ அறிவித்தல். குறித்து வைத்துக்கொண்ட பிறகுதான் மூலையில் தேதி தெரிந்தது. படம் எடுத்தது 2019இல்! அந்த வேலைகளில் யாரோ சேர்ந்து, அலுத்து, விட்டும் போயிருப்பார்கள்.

படிப்புச் செலவு பல்கலைக்கழகத்துடையது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் நான்தான் உழைக்க வேண்டும். பெப்ரவரியில் வகுப்பு தொடங்குகிறது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “வேல ஒண்ணு கையில இல்லாம பிளேன் ஏற விடமாட்டேன் புள்ள.”

நவம்பர் 12, செவ்வாய்

அங்கே ஏற்கெனவே படிக்கும் திவாகரன் அண்ணாவை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். “அனுபவம் இல்லாட்டி திரும்பியும் பாக்க மாட்டாங்க. ஏதாவது கடையில நின்னேன்னு போடு” என்றார். விண்ணப்பத்தில் போட்டுவிட்டேன்: கம்பளையில் செல்லப்பா மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் இரண்டு வருடம். ஆணி எத்தனை வகை என்றுகூட எனக்குத் தெரியாது.

நவம்பர் 16, சனி

அப்பா வழக்கம்போல கம்பளைக்குப் போய்த் தபால் எடுத்து வந்தார். எங்கள் வீட்டுக் கடிதம் எதுவும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மஹய்யாவ என்று எழுதினால், மாநகரசபைக்கு வீதி கூட்டுகிற சனம் என்று ஒதுக்கிவிடுவார்கள், பதிலே வராது என்பது அப்பாவின் முடிவு. அதனால் பள்ளிக்கூடத்துக்கு, வங்கிக்கு, இப்போது டனீடனுக்கு – எல்லாவற்றுக்கும் மாமா கடை விலாசம்தான். இதற்காக ஒரு மனிதர் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறுகிறார். உண்மையிலேயே பதில் வராதா? யாராவது ஒருமுறையாவது எழுதிப் பார்த்தார்களா? கேட்டால் முறைக்கிறார்.

நவம்பர் 20, புதன்

பதினேழு விண்ணப்பம். மறுமொழி பூஜ்ஜியம். அதுவும் கம்பளை விலாசம் போட்டு.

நவம்பர் 27, புதன்

ஒரு மாணவர் விடுதி நாளைக் காலை வீடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறது. துப்புரவு வேலை. அப்பாவிடம் ‘விடுதியில் ஒரு வேலை’ என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 28, வியாழன்

பேசி முடித்த கையோடு எழுதுகிறேன்.

இங்கே காலை ஏழு, அங்கே பகல் இரண்டரை. மேற்பார்வையாளர் பெயர் ஃபியோனா. கடை அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நீ சுத்தம் செய்ததிலேயே கஷ்டமான இடம் எது?” என்றார்.

யோசித்திருந்தால் பொய் வந்திருக்கும். யோசிக்கவில்லையே! பெரஹெரா யானை ஊர்வலம் முடிந்த விடியற்காலையில் கண்டித் தலதா வீதி என்று சொல்லிவிட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு இரண்டு வருடம், பெரஹெரா நாட்களில் மாநகரசபைக்குத் தற்காலிக ஆளாகப் போனேன். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. கூடப் படித்தவர்கள் கண்டுவிடக்கூடாதென்று முகத்தைத் துணியால் சுற்றியிருந்தேன்.

ஃபியோனா விடவில்லை. எத்தனை யானை? எதை முதலில் அள்ளுவீர்கள்? நானும் உற்சாகமாகிவிட்டேன். முதலில் சாணமும், சனம் தின்று போட்ட சோளப்பொத்தியும். பிறகு பந்தங்களிலிருந்து சிந்திய கொப்பறா எண்ணெய். அதன் மேல் மரத்தூளைப் போட்டுத் தேய்த்துக் கூட்ட வேண்டும். தண்ணீர் கடைசியில்தான். அவசரப்பட்டு முதலில் ஊற்றினால் எண்ணெய் வீதி முழுக்கப் பரவி, காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: “கம்பளையிலிருந்தா அந்த நேரத்துக்கு வந்தாய்?” கண்டியிலிருந்து கம்பளை எவ்வளவு தூரமென்று வரைபடத்தில் பார்த்திருக்கிறார்! இல்லை, என் வீடு மஹய்யாவ, கடை வேலையும் பொய் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சரியான விலாசத்துடன் விண்ணப்பத்தைப் புதிதாக எழுதி அனுப்பு, நீ வேலை செய்ததை நேரில் பார்த்த ஒருவரின் கடிதமும் வேண்டும், ஒரு வாரத்துக்குள், என்றார்.

பார்த்தவர் ஒருவர்தான். மாநகரசபையில் அப்பாவின் ஓவர்சியர் மோகனராஜ்.

நவம்பர் 29, வெள்ளி

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. “இந்தத் தும்புத்தடிய நீ தொடக்கூடாதுன்னுதானே நான் இத்தன வருசம் கூட்டுனேன். அங்க போயும் அதேயா? இத நான் போயி மோகனராஜ்கிட்ட வேற கேக்கணுமா?”

நான் என்ன செய்ய? அந்த ஃபியோனா கேட்டாங்க, என் வாய் சொல்லிருச்சு. வெக்கமா இருந்திச்சான்னா இல்ல. சொல்லும்போது சந்தோசமாத்தான் இருந்திச்சு. அத அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

அம்மாதான் இடையில் வந்தாள். “தெரியாத வேலயச் சொல்லிச் சேந்தா அங்க போயி முழிப்பா. தெரிஞ்சதத்தானே சொல்லியிருக்கா.”

அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார்.

டிசம்பர் 2, திங்கள்

அப்பா மோகனராஜிடம் கேட்டமாதிரித் தெரியவில்லை. கடிதம் அனுப்ப இன்னும் மூன்று நாள்.

டிசம்பர் 4, புதன்

மேசையில் ஒரு உறை இருந்தது. உள்ளே மோகனராஜ் ஐயா கையெழுத்திட்ட கடிதம், ஆங்கிலத்தில், மாநகரசபை முத்திரையோடு. ‘கறுப்பையாவின் மகள் பிரேமிளா இரண்டு வருடம் பெரஹெரா நாட்களில் எங்களோடு வேலை செய்தார், ஒரு நாளும் பிந்தி வரவில்லை’ என்று.

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “தண்ணி கடசியிலங்கிறத போடலையேன்னு கேட்டேன். அதெல்லாம் லெட்டர்ல போடமாட்டாங்களாம்.”

டிசம்பர் 10, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது!

ஜனவரி 8, புதன்

விசாவும்.

ஜனவரி 10, வெள்ளி

நான் டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் டனீடனிலிருந்து தபால். வேலை ஒப்பந்தம் முன்பே மின்னஞ்சலில் வந்ததுதான். இது விடுதியின் வரவேற்புக் கடிதம். உறையில் என் பெயர், கீழே மஹய்யாவ, கண்டி. அப்பாதான் வாங்கி வைத்திருக்கிறார். உறையைக் கிழிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

ஜனவரி 11, சனி

பத்து மணிக்கு கம்பளையிலிருந்து செல்லப்பா மாமா போன். “என்னம்மா, மச்சான இன்னும் காணல? பஸ் இல்லையா?”

எட்டிப் பார்த்தேன். அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறார், கையில் நீலப் பெயின்ட்.

“தபால்காரரு நேத்து உன் பேரச் சொல்லி வீடு வீடாக் கேட்டிருக்காரு. நம்ம கதவுல நம்பரே தெரியலையாம்” என்றார். தூரிகையை நனைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “நம்பர் மட்டும் போதுமா புள்ள, பேரும் எழுதவா?”