மத்தியான ரீடிங்

நேற்று ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்குமுன் அங்கிருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்து என் கையைத் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டேன். பயமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

காலையில் வந்ததும் நீ செய்யும் முதல் வேலை அளவெடுக்கும் கறுப்புக் கிரானைட் மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதுதான். தொண்ணூறுகளின் கடைசி அது. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் சின்ன மோட்டார்கள் செய்யும் கம்பெனி. நான் பி.இ. முடித்த இன்ஜினியர், நீ டிப்ளமா முடித்து அளவு பார்க்க வந்தவள். ஒரே வயது, ஒரே வாரத்தில் சேர்ந்தோம். உள்ளே என்னை மேடம் என்பாய். திரும்பும் பஸ்ஸில் வாடி போடிதான். அல்சூரில் நீ இறங்கும்வரை பேச்சு ஓயாது.

அந்த வருடம் புதிய ரோபோ வந்தது. மெல்லிய தண்டை எடுத்துப் பேரிங்கின் துளைக்குள் செருகுவது அதன் வேலை. தலைமயிரில் பாதி அளவு விலகினாலும் பேரிங்கின் உள்விளிம்பு நசுங்கும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் ஓடிய பிறகு மோட்டார் சத்தம் போடும். சொன்ன இடத்துக்கு ரோபோ எவ்வளவு சரியாகப் போகிறது என்று மதிப்பிட்டு வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்கவேண்டியது என் பொறுப்பு. ஒரு காலைப்பொழுதில் முப்பது தடவை ஒரே புள்ளிக்கு அனுப்பிப் பார்த்தேன். முப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. மகிழ்ந்துபோய் அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

நீ என்னைக் கேட்காமலே மத்தியானமும் அளந்திருக்கிறாய். உன் நோட்டை விரித்துக் காட்டினாய். நாலு மணி நேரம் ஓடி ரோபோவின் மோட்டார்கள் சூடேறியதும் அதன் இரும்புக் கை நீண்டு, மொத்தப் புள்ளிகளும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தன.

"முப்பது வாட்டியும் ஒரே இடத்துக்குத்தான்டி வருது. ஆனா அது தப்பான இடம்."

நீ சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மேனேஜரின் அறையில் கூட்டம். நீயே அந்த நோட்டை எடுத்துப் பேசத் தொடங்கினாய். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பயத்தில் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் மட்டும் இல்லை. டிப்ளமாக்காரி எல்லோர் முன்னாலும் என்னைத் திருத்துகிறாளே என்ற எரிச்சல். அதனால் சொன்னேன்.

"சார், அவங்களுக்குக் கை நடுங்குது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. அவங்க ரீடிங்கை வெச்சு முடிவெடுக்க முடியாது."

பஸ்ஸில் நீ எனக்கு மட்டும் சொன்ன விஷயம் அது. அளவு பார்க்கிறவள் கை ஆடுகிறது என்று தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாய். நான் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். தவிர, அளவு காட்டும் டயல் கேஜ் ஸ்டாண்டில் நிற்கும். முள்ளைக் கண்ணால் பார்த்து எழுதவேண்டியதுதான். கை நடுங்கினால் எழுத்துதான் கோணும், எண் மாறாது. இதுவும் எனக்குத் தெரியும். மேனேஜர் உன்னைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினாய். அத்தனை பேர் பார்க்கும்போது யாருக்குத்தான் நடுங்காது.

உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டாம் மாதம் நீயே நின்றுகொண்டாய். பஸ்ஸில் கடைசி நாள்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டக்கூட இல்லை.

பிறகு, சத்தம் போடுகின்றன என்று வாடிக்கையாளரிடமிருந்து மோட்டார்கள் திரும்பி வந்தன. எல்லாம் மத்தியானத்துக்குமேல் செய்தவை. நான் உன் நோட்டை ரேக்கிலிருந்து எடுத்தேன். சூட்டுக்குத் தக்கபடி எவ்வளவு தள்ளிப் போகவேண்டும் என்று நீ எழுதிய எண்களை வைத்து ரோபோவுக்குத் திருத்தம் போட்டேன். சரியாகிவிட்டது. எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். உன் பெயரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே நீ கம்பெனி கேட்டுக்கு வந்தாய். செக்யூரிட்டி ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் கோணல் எழுத்து: "வேற எதுவும் வேணாம். மத்தியான ரீடிங் சரியா தப்பா, அது மட்டும் சொல்லு."

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் நீ நிற்பது தெரிந்தது. வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாய். சரி என்று எழுதினால் அந்தச் சீட்டோடு மேனேஜரிடம் போவாய் என்று நினைத்தேன். பின்பக்கத்தில் "தப்புதான். விட்டுடு" என்று எழுதி அனுப்பினேன். நீ படித்தாய். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாய்.

நாலு வருடம் கழித்து, காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று பழைய பேக்கிங் பெண் ஒருத்தி சொன்னாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அல்சூர் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். என்னைப் பற்றி நீ ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை.

"பீன்யால ரெண்டு கம்பெனில கூப்ட்டாங்கம்மா, போகவே இல்ல. என் கண்ணையும் கையையும் நம்ப முடியாது, நான் தப்பா எழுதி ஃப்ரெண்டையே மாட்டிவிடப் பாத்தேன்னு சொல்லுவா. கடைசிவரைக்கும் கூலிக்கு ஊதுபத்திதான் அடுக்கினா. அவ்ளோ பெரிய தப்பாம்மா அது?"

பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். உன் அம்மா காத்திருந்தார். அதெல்லாம் இப்போது எதற்கு அம்மா, விடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். காபி கொடுத்தார், குடித்தேன். படியிறங்கும்போது அடிக்கடி வரச் சொன்னார்.

நான் மறுபடி போகவில்லை. அவரும் இப்போது இல்லை. நீ சரியாகத்தான் அளந்தாய் என்பது தெரிந்து உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.