சனிக்கிழமையில் ஒரு குளவி

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டியது. வரவில்லை.

லிபெர்த்தா தெருவில் சிஞ்ஞோரா எல்தாவின் வீடு. வேலைக்குச் சேர்ந்து ஒரு கோடை கழிந்துவிட்டது. வயதான இத்தாலிய யூதப் பெண், தனியே இருக்கிறா. சனிக்கிழமைகளில் விளக்குப் போடமாட்டா, அடுப்பைத் தொடமாட்டா. வேலை முடிந்தால் என்னை வாசிக்க விடுகிறா. அதற்காகவே இந்த வேலை போகக்கூடாது.

ஒன்றை மட்டும் அவவிடம் சொல்லவில்லை. குளவி கொட்டினால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். போன வருடம் ஆஸ்பத்திரி வரை போனேன். இப்படியொருத்தியை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்?

செப்டம்பர் 5, வெள்ளி

பல்கனி மரக்கதவுக்குப் பின்னால் குளவிக்கூடு. அதை எடுக்கிற ஆள் திங்கள்தான் வருவாராம்.

பொழுதுபட அவ மெழுகுதிரி ஏற்றி, ஓய்வுநாள் தொடங்கிய பிறகு ஒரு குளவி மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, கொல்ல மனமில்லை. கண்ணாடிக் குவளையால் மூடினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

"குவளையை எடு, பிள்ளை," என்றா. "ஓய்வுநாளில் கொல்லவும் கூடாது, பிடிக்கவும் கூடாது."

"நான் யூதர் இல்லையே."

"உனக்குத் தடையில்லை. எனக்காகச் செய்யாதே. யன்னலைத் திற, அது தன்பாட்டில் போகும்."

திறந்தேன். போனது.

அம்மாவுக்குப் போன் எடுத்து, குளவி மட்டுமில்லை, ஓய்வுநாளில் எறும்பையும் மிதிக்காமல் சுற்றி நடப்பா என்று சொன்னேன். "எறும்புக்கும் சட்டம் வைச்சிருக்கிறாவோ? நீ பேசாமல் வீட்டை வா," என்றா. நான் வரமாட்டன் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

மத்தியானம். சாப்பாட்டு மேசை. கழுத்தடியில் ஏதோ ஊர்ந்தது.

"சிஞ்ஞோரா — கொட்டினா நான் செத்துப்போவன் — எனக்கு ஒத்துவராது —"

சொல்லிப்போட்டன். அவ்வளவுதான், வேலை போச்சு.

"அசையாதே."

கைக்குட்டையால் மெல்லத் தட்டிவிட்டா. குளவி சுவரில் போய் இருந்தது. திரும்பவும் என் பக்கம் எழும்பியது. அவ செருப்பைக் கழற்றி ஒரே அடி.

எறும்பையும் சுற்றி நடக்கிற மனுசி.

"எனக்காக ஓய்வுநாளை முறிச்சிட்டியளே."

"முறிக்கவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் அடிக்கத்தான் வேணும். அதுதான் சட்டம். யோசித்துக்கொண்டு நிற்கிறதுதான் குற்றம்."

"நான் உங்கடை ஆள் இல்லையே?"

"மூச்சு விடுகிறாய்தானே?" செருப்பைப் போட்டுக்கொண்டா. "சூப் ஆறுது."

பிறகுதான் ஏச்சு. "ஏன் முன்பே சொல்லவில்லை? உன்னைத் தண்டிக்க நான் என்ன நீதிபதியா? முட்டாள் பிள்ளை!" எவ்வளவு நேரம் ஏசினா! எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

செப்டம்பர் 8, திங்கள்

கூடு போய்விட்டது. நான் போகவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சிஞ்ஞோரா என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. கொட்டினால் உடனே தொடையில் குத்துகிற அவசர ஊசி எழுதித் தந்தார். பழகுவதற்கு ஊசியில்லாத ஒன்றும் கிடைத்தது. பின்னேரம் முழுக்க அவ அதை என் தொடையில் குத்திக் குத்திப் பழகினா. வலப்பக்கம், இடப்பக்கம், பாவாடைக்கு மேலால்.

"போதும், சிஞ்ஞோரா. நாளைக்குப் பழகலாம்."

"நாளைக்குச் சனி, பழகக்கூடாது," என்றா. "குத்தலாம்."