மூலையில் இருக்கும் கதவு

பதிவு 211 – காலை 06:20

செண்பகவடிவு, தெற்கு நிலையம், என்செலடஸ். சனிக்கோளின் இந்த நிலாவில் பனிப்பிளவுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி. அந்தப் பக்கம் வடக்கு நிலையத்தில் பாக்கியம் ஒருத்தி. வேறு மனித வாடை கிடையாது. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பனிப்பிளவிலிருந்து பீறும் நீராவியை அளக்கும் ஆவிக்குழாய் சரி. காப்பித்தூள் தீரப்போகிறது, அது சரியில்லை.

பூமியிலிருந்து ஸ்ரீவத்சனின் செய்தி. எங்கள் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். "மேடம், பழைய டெஸ்க்டாப்பை, அதான் திரையில பொத்தானெல்லாம் காட்டுற மென்பொருளை, எழுதினவங்க கைவிட்டுட்டாங்க. இனிமே ரிப்பேர் வராது. அதனால ஸ்டேபிள் பதிப்புக்குள்ளயே புது டெஸ்க்டாப்பை அனுப்பிடலாம்னு இருக்கோம். பார்க்கவும் நல்லா இருக்கு."

பார்க்க நல்லா இருக்காம். ஸ்டேபிள் என்று பெயர் வைத்துக் கொடுத்தபோது என்ன சொன்னார்கள்? எதையும் நகர்த்த மாட்டோம், ஓட்டைகளை மட்டும் அடைப்போம் என்றார்கள். அதை நம்பித்தான் ராக்கெட் ஏறினேன். வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் கோபம் ஆறுவதற்குள் சேர்ந்தால் நல்லது.

பதிவு 214 – மாலை 18:05

இதைக் கண்டெடுப்பவருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியே போய்த் திரும்பினால் இரண்டு கதவுகளுக்கு நடுவே ஓர் அறை. வெளிக்கதவு தானாக மூடிக்கொள்ளும். உள்கதவை அங்கிருக்கும் கணினித் திரையில்தான் திறக்க வேண்டும்; அது திறக்கும்வரை அறைக்குள் காற்று வராது. தலைக்கவசக் கண்ணாடியில் மூச்சாவி படிந்திருக்கும், திரை தெரியாது. கையுறையோ இட்லிக் கொப்பரை இறக்கும் துணி போலத் தடிமன். அதனால் பாக்கியமும் நானும் கதவுப் பொத்தானைத் திரையின் கீழ் இடது மூலையில் வைத்துக்கொண்டோம். திரையில் சுட்டியை நகர்த்தும் உருட்டுப்பந்தை அந்தப் பக்கமாக முரட்டுத்தனமாகத் தள்ளினால் போதும், சுட்டி மூலையில் முட்டி நிற்கும். அழுத்தினால் கதவு திறக்கும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

புது டெஸ்க்டாப்பில் மூலையில் எதையும் வைக்க முடியாது. ஸ்ரீவத்சன் அனுப்பிய படத்தில் பொத்தான்கள் மேலே, நடுவில், வரிசையாக நிற்கின்றன; கதவுக்கு மூன்றாவது. அழகாகத்தான் இருக்கிறது. அழகை வைத்து என்ன செய்வது?

பதிவு 216 – பகல் 13:40

இன்று கதவறையில் நின்றபோது பழைய டெஸ்க்டாப் உறைந்துவிட்டது. மூலைக்குத் தள்ளினேன், அழுத்தினேன், அசையவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். அது சாவகாசமாக எழுந்திருப்பதற்குள் என் சிலிண்டர் முள் சிவப்புக்குள் போய்விட்டது. பயந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஸ்ரீவத்சனின் பதில்: "அதேதான் மேடம். அந்தக் கோளாறு எங்களுக்குத் தெரியும். புதுசுல சரி பண்ணியாச்சு. பழசுக்கு ஒட்டுப் போட ஆள் இல்ல. பிடிவாதம் பிடிச்சா உங்க உயிருக்குத்தான் ஆபத்து."

அந்த மனிதர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். ஆனால் கிழிந்த இடத்துக்கு ஒட்டுக் கேட்டால் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து நீட்டுகிறார். புதியதிலிருந்து அந்த ஒரு திருத்தத்தை மட்டும் உருவிப் பழையதில் தைக்கப்போகிறேன். ஆள் இல்லையாமே. நான் இருக்கிறேன்.

பதிவு 217 – மாலை 17:15

ஸ்ரீவத்சன்: "எங்க குழுவுல ஓட்டெடுப்பு முடிஞ்சிடுச்சு மேடம். இன்னைக்கே ரெண்டு நிலையத்துக்கும் அப்டேட் வருது. நிறுத்தி வச்சாலும் தானா ஏறிக்கும்."

கதவறையில் நிற்பது நாங்கள் இரண்டு பேர். கை தூக்கியதெல்லாம் சென்னையில். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

பாக்கியம் அழைத்தாள். "எனக்கு மல்லுக்கட்டத் தெம்பில்ல வடிவு. வந்தா வந்துட்டுப் போவுது. பழகிக்கிடலாம்."

"ஏட்டி, நான் ஒட்டைத் தச்சு அனுப்புற வரைக்கும் வெளிய போவாத."

"சரி சரி, போவல."

ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டேன். அப்டேட் வருகிற வழி அதுதான். பாக்கியத்தின் குரல் வருகிற வழியும் அதுதான். தைத்து முடிக்கிறவரை நாங்கள் பேசாவிட்டால் குடி முழுகிவிடாது.

பதிவு 218 – காலை 05:50

முடிந்தது! மேஜைக் கணினியில் போட்டுப் படாத பாடு படுத்திப் பார்த்தேன், உறையவில்லை. மூலை மூலையாகவே இருக்கிறது. அப்டேட் தானாக ஏறும் வழியையும் வெட்டிவிட்டேன். வயரைச் செருகினேன். செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் பாக்கியம்.

"வடிவு, புதுசு ஏறிட்டு. ஆவிக்குழாய்ல பனி அடச்சிக்கிட்டு. தட்டிட்டு ஓடி வந்துருதேன்."

"வடிவு, கதவறையில நிக்கேன். கை தானா மூலைக்குப் போவுது. அங்க அழுத்துனா திரையே வெறிச்சுன்னு ஆயிருது. பொத்தான் எங்கட்டி இருக்கு?"

"கண்ணாடி பூரா ஆவி. ஒரு எழவும் தெரியல. வடிவு, இருக்கியா?"

கடைசிச் செய்தியை நான் வயரைச் செருகுவதற்குக் கொஞ்சம் முன்புதான் அனுப்பியிருக்கிறாள்.

மேலே, நடுவில், மூன்றாவது என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். பாவி, நான் பேசாமல் இருந்த ஒரே ராத்திரியிலா போய் நின்றாய்!

பதிவு 218 – தொடர்ச்சி 06:02

வடக்கு நிலையத்தின் வெளிக்கதவுக்கு ஒரு கைச்சக்கரம் உண்டு. அதைச் சுற்ற வெளியே ஆள் வேண்டும். நான் இருக்கிறேன். பனிவண்டியில் இரண்டு சிலிண்டர் ஏற்றியாயிற்று. கடைசிச் சொட்டுவரை சிக்கனமாக மூச்சு விடத் தெரிந்தவள் பாக்கியம். அவள் செத்துவிட்டாள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஸ்ரீவத்சனுக்கு அனுப்பியது: "ஒட்டை அனுப்பியிருக்கேன். ஓட்டெடுப்பெல்லாம் வேண்டாம், போடுங்க. வயரைப் பிடுங்கினது நான். அதுக்கு நான் பதில் சொல்லுவேன். மூலையைப் பிடுங்கினது நீங்க. அதுக்கு நீங்க சொல்லணும்."

என் கதவறைக் கணினியிலும் ஒட்டை ஏற்றிவிட்டேன். மேஜையில் சோதித்தேன், அங்கே சோதிக்கவில்லை. நேரமில்லை. வெளியே போகும்போது கதவு ஒன்றும் கேட்காது. திரும்பும்போதுதான் இருக்கிறது.

பாக்கியத்தையும் இங்கே இழுத்துக்கொண்டு வந்து இருவருமாக என் கதவறையில் நிற்போம். நான்தான் மூலைக்குத் தள்ளுவேன். என் ஒட்டு சரியென்றால் இதற்குக் கீழே இன்னொரு பதிவு இருக்கும்.