கழிவறைக் கதவருகே ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு,

சென்ற மாதம் நம் வீட்டில் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது: ஜன்னலோரம் இருந்த என் நாற்காலி கழிவறைக் கதவருகே மாற்றப்பட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் உன் அம்மா, வழிமொழிந்தது என் சிறுநீர்ப்பை. மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். பிரசவத்துக்கு வாங்கப்பா என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் உன் ஊர்க் குளிர் எனக்கு ஆகாது என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு உன் அம்மா, "குளிராம் குளிர். பஸ்ல அஞ்சு ஸ்டாப் தாண்ட முடியல, இதுல பிளேன் வேற" என்றாள். உண்மைதான். கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பாதி வழியில் இறங்கிக் குடைக்கடைக்குள் நுழைவேன், அங்கே பின்பக்கம் கழிவறை உண்டு, சும்மா போய்வருவது மரியாதையில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு குடை வாங்குவேன். வானம் பளிச்சென்று இருக்கும்போது குடையாக வாங்கிக் குவிப்பவனைக் கடைக்காரர் தீர்க்கதரிசி என்றே நினைத்திருக்க வேண்டும்.

கடைசியில் மறுபடியும் டாக்டரிடம் போனோம். குழாய் வேலை பார்க்கும் உன் மாமாவும் தொழில் அக்கறையில் கூடவே வந்தான். புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது, மாத்திரைக்கு மசியவில்லை, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவதால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பாதையைத் திறந்து பிடிக்க ஸ்பிரிங் போல ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். எல்லாருக்கும் ஒத்துவராது, இடம் நகரலாம், உப்புப் படியலாம், சில மாதத்தில் எடுக்கவும் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். மாமா, "கேரண்டி எவ்வளவு டாக்டர்?" என்றான். "ஸ்பிரிங்குக்கா, உங்க அத்தானுக்கா?" என்றார் டாக்டர். மாமா வீட்டுக்கு வந்ததும் ஒழுகாத குழாய் ஒன்றைக் கழற்றி மாட்டினான்.

வைத்தாயிற்று. முதல் சில நாள் எரிச்சல் இருந்தது, அதை உன் அம்மாவிடம் காட்டினேன். போன வாரம் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போய், குடைக்கடைப் பக்கம் திரும்பியும் பாராமல் அதே பஸ்ஸில் வீடு வந்தேன். பயணத்துக்கு டாக்டரும் தலையாட்டிவிட்டார். வேளைக்குச் சாப்பிடு, கனமானதைத் தூக்காதே, மாப்பிள்ளைக்கும் கை இருக்கிறது. நாங்கள் வந்து சேரும்வரை குட்டியை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி வை. பெற்றுப் பிழைத்து நிறைவாக வாழ்வாய். ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்ப மறந்துவிடாதே.

என்றும் உன்,
அப்பா

பி.கு.: எனக்கு ஜன்னலோர இருக்கை போட்டாயிற்று. குடை ஆறு கொண்டுவருகிறோம்.