வீடு பார்க்க வருகிறவர்கள்

துபாய், 12.11.2009

அன்புள்ள வளர்மதிக்கு ராஜாங்கம் எழுதுவது. பிள்ளைகள் நலம்தானே? உன் முட்டிவலி தேவலாமா? நான் சுகம்.

இரண்டு வருடமாக ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காத நம் வீட்டை இந்த மாதம் மூன்று பேர் பார்த்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தாய். விருத்தாசலத்தில் மறுபடி வீடு விலைபோகிறது என்று புரோக்கர் குதிக்கிறாராமே. வருகிறவர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்துவிட்டு நிற்கிற கம்மாபுரம் பக்கத்துக்காரர்கள். அவர்கள் வீடு போனதால் நம் வீட்டுக்கு விலை வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அவர்கள் முதலில், "இந்த வூட்டுல நல்லா வாழ்ந்தீங்களாம்மா?" என்றுதான் கேட்பார்கள். நொடித்தவன் வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். வந்த மூவரில் ஒருவரிடம் எனக்கு அங்கே செராமிக் கம்பெனி வேலை போனதைச் சொல்லி அழுதாயாமே. அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். இந்த முறை, "அவரு துபாயில நல்லா இருக்காருங்க, பெரிய வூடா கட்டப்போறோம்" என்று சொல். உன் தங்கையின் செயினை வாங்கிப் போட்டுக்கொள்.

இங்கே நாங்கள் வேலை செய்த கட்டடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். முதலாளியைக் காணோம். கவலைப்படாதே, மங்கலம்பேட்டை பாய் ஒருவர் சாப்பாடு போடுகிறார். அவர் தம்பி லீவு முடிந்து அடுத்த மாதம் இங்கு வருகிறார். அவரிடம் எலுமிச்சை ஊறுகாயும், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டு ஒன்றும் கொடுத்தனுப்பு. சும்மா பார்க்கத்தான்.

பாய் தபால் போடக் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். வீடு விற்றால்தான் எனக்கு டிக்கெட். விற்றதும், நான் எந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று எழுது.

ராஜாங்கம்